அலுமினியத்தின் நிழலில் ஓர் உலோகம்

புவியோட்டுப் பாறையில் டன்னுக்கு ஏறத்தாழ 19 கிராம் காலியம் இருப்பதாகப் புவிவேதியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஈயத்தின் அளவு இதைவிடச் சற்றுக் குறைவு. வெள்ளி டன்னுக்கு 0.1 கிராம்கூடத் தேறாது. ஆனாலும் ஆண்டுதோறும் சுரங்கங்களிலிருந்து 40 லட்சம் டன்னுக்கு மேல் ஈயமும் 20,000 டன்னுக்கு மேல் வெள்ளியும் வெளிவருகின்றன. காலியமோ உலகம் முழுவதும் சேர்த்துச் சில நூறு டன்தான். 2023 ஜூலையில் சீனா, காலியத்தையும் ஜெர்மானியத்தையும் உரிமம் பெறாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அறிவித்தது. ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அந்தத் தடையைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டது. இந்தச் செய்திகளிலெல்லாம் காலியம் ‘அரிய உலோகம்’ என்ற அடைமொழியோடுதான் வந்தது. மண்ணில் ஈயத்துக்குக் குறையாமல் இருக்கும் ஒன்று எப்படி அரியதாயிற்று? அரசியல் இதற்குப் பாதி விடைதான் தரும். மறுபாதி காலியத்தின் அணு அமைப்பில் இருக்கிறது. காலியத்தைப் பாறைக்குள் ஒளித்துவைக்கும் பண்பும், அதைக் கைபேசிக்கும் விளக்குக்கும் ராடாருக்கும் தவிர்க்க முடியாததாக்கும் பண்பும் ஒன்றே என்பது என் வாதம். அலுமினியத்தோடு அதற்குள்ள மிக நெருங்கிய ஒற்றுமைதான் அந்தப் பண்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் காலியத் தட்டுப்பாட்டைப் பற்றி எடுக்கும் முடிவுகள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுவதில்தான் போய் முடியும்.

தனிம அட்டவணையில் அலுமினியத்துக்கு நேர் கீழே இருப்பது காலியம். ஒரு தொகுதியில் கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும் என்பது பள்ளியில் படிக்கும் பொது விதி. இங்கே அந்த விதி நின்றுவிடுகிறது. அலுமினியத்தின் அணு எண் 13, காலியத்தின் அணு எண் 31. இடையில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் வருகின்றன. அவற்றில் ஒவ்வொன்றாக நிரம்பும் பத்து ‘டி’ எலெக்ட்ரான்களுக்கு, அணுக்கருவின் இழுவிசையை மறைக்கும் திறன் குறைவு. ஆகவே காலியத்தின் வெளிக்கூட்டில் உள்ள மூன்று எலெக்ட்ரான்களும் எதிர்பார்ப்பதைவிட உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. விளைவாக, பதினெட்டு புரோட்டான்கள் கூடியும் அணுவின் அளவு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. சகப்பிணைப்பு ஆரம் அலுமினியத்துக்கு 1.21 ஆங்ஸ்ட்ராம், காலியத்துக்கு 1.22. இரண்டுக்கும் இணைதிறன் மூன்று. இரண்டின் ஆக்சைடுகளும் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பாறைக்குழம்பு குளிர்ந்து படிகமாகும்போது, அலுமினியம் உட்காரவேண்டிய இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியம் போய் உட்கார்ந்துவிடுகிறது. தனக்கென்று ஒரு கனிமத்தை உண்டாக்க வேண்டிய தேவையே அதற்கு எழுவதில்லை. ஈயத்துக்கு அப்படியல்ல. அது கந்தகத்தோடு சேர்ந்து கலீனா என்னும் தனிக் கனிமமாகத் திரண்டு, வெட்டியெடுக்கத் தக்க படிவமாக நிற்கிறது. காலியத்துக்கும் காலைட் என்றொரு கனிமம் உண்டு. அதை அருங்காட்சியகப் பேழையில் பார்க்கலாம், தொழிலுக்கு ஆகாது. வெப்பமண்டல மழை லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையை அரித்து, சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போனபின் எஞ்சும் பாக்சைட்டில் அலுமினியத்தோடு காலியமும் தங்கிவிடுகிறது. அங்கேயும் டன்னுக்குச் சராசரியாக 50 கிராம்தான்.

இந்த ஒற்றுமையின் வலிமையை முதலில் காட்டியது காலியத்தைக் கண்டுபிடித்த வரலாறுதான். 1871-இல் மெண்டலீவ் தன் அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை 68 அளவில் இருக்கும், அடர்த்தி 5.9-ஐ ஒட்டியிருக்கும், எளிதில் உருகும், நிறமாலைமானியின் உதவியால் கண்டுபிடிக்கப்படக்கூடும் என்றெல்லாம் எழுதிவைத்தார். 1875-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெக்கோக் த புவாபோத்ரான், பிரனீஸ் மலைப்பகுதியின் பியர்ஃபீத் சுரங்கத்திலிருந்து வந்த துத்தநாகக் கனிமத்தை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் பதிவுசெய்யாத இரண்டு ஊதாக் கோடுகளை நிறமாலையில் கண்டார். அதே ஆண்டில் மின்பகுப்பால் உலோகத்தையும் பிரித்தெடுத்தார். அவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், மாதிரி தூய்மையாக இல்லை, மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. அலுமினியம் உள்ளிட்ட அண்டைத் தனிமங்களின் குணங்களை ஆதாரமாகக் கொண்டு, இல்லாத ஒரு பொருளின் அடர்த்தியை, இருக்கும் பொருளை வைத்து அளந்தவரைவிடச் சரியாகச் சொல்ல முடிந்திருக்கிறது. அறிவியல் வரலாற்றில் இதற்கு ஈடான சான்றுகள் மிகச் சில. காலியம் முதன்முதலில் கிடைத்தது துத்தநாகக் கனிமத்தில் அல்லவா, அலுமினியக் கனிமத்தில் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். துத்தநாகம் அட்டவணையில் காலியத்துக்குப் பக்கத்து வீடு. கந்தகக் கனிமங்களில் அதன் இடத்திலும் காலியம் நுழையும். ஆனால் அங்கேயும் அது விருந்தாளிதான். யாருடைய படிகத்தில் இடம் கிடைத்தாலும் தனிக்குடித்தனம் போவதில்லை என்ற நிலை மாறவில்லை.

காலியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, அது உள்ளங்கையிலேயே உருகும் என்பதை. 29.76 பாகை செல்சியஸில் உருகும் அந்த உலோகத்தையும் 660 பாகையில் உருகும் அலுமினியத்தையும் ஒரே சாயல் என்பது எப்படிப் பொருந்தும்? இது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. இந்த ஓரிடத்தில் காலியம் அலுமினியத்தைவிட்டு முற்றிலும் விலகுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அலுமினியப் படிகத்தில் ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் சம தொலைவில் பன்னிரண்டு அணுக்கள் இருக்கும். திடக் காலியத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் 2.44 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் ஒரே ஒரு நெருங்கிய துணை. அடுத்த ஆறு அணுக்கள் 2.7 ஆங்ஸ்ட்ராமும் அதற்கு மேலும் தள்ளி நிற்கின்றன. இரண்டிரண்டாகப் பிணைந்த ஜோடிகளை அடுக்கிவைத்தது போன்ற அந்த அமைப்பு சிறிது வெப்பத்திலேயே குலைந்துவிடுகிறது. குலைந்தபின் அணுக்கள் இன்னும் நெருக்கமாக அடைந்துகொள்வதால், தண்ணீரைப் போலவே காலியமும் உறையும்போது விரிகிறது. ஏறத்தாழ 3 சதவீதம். கண்ணாடிப் புட்டியில் நிரப்பி வைத்தால் புட்டி உடையும் என்பதால்தான் அதை நெகிழிப் புட்டியில், மேலே இடம்விட்டு அடைக்கிறார்கள். உருகியபின் எளிதில் கொதிப்பதும் இல்லை, அதற்கு 2,200 பாகையைத் தாண்ட வேண்டும். இவ்வளவு நீண்ட வெப்ப இடைவெளியில் திரவமாகவே இருக்கும் தனிமங்கள் வெகு குறைவு.

இந்தத் திரவ நிலையாலும் பயன்கள் உண்டு. காலியம், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் கலந்த கலவை அறை வெப்பத்துக்கு வெகு கீழேயும் திரவமாக இருப்பதால், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகளில் பாதரசத்துக்குப் பதிலாக வந்திருக்கிறது. காலியத்தின் உருகுநிலை மிகத் துல்லியமாகத் திரும்பத் திரும்பக் கிடைப்பதால், 1990-ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில் 29.7646 பாகை ஒரு நிலைப்புள்ளியாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆய்வகங்கள் தங்கள் வெப்பமானிகளைச் சரிபார்ப்பது இதை வைத்துத்தான். திரவக் காலியம் அலுமினியத்தின் மேல் பட்டால் நடப்பது வேறு வகை. அலுமினியத் தகடு கோடிக்கணக்கான நுண்மணிகள் ஒட்டியது; அந்த மணிகளின் இடைக்கோடுகள் வழியே காலியம் ஊடுருவிவிடும். தகடு பார்வைக்குப் பெரிதாக மாறாது, ஆனால் விரலால் அழுத்தினால் நொறுங்கும். விமானத்தில் காலியத்தை எடுத்துச் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். இவையெல்லாம் சுவையானவை, என்றாலும் விற்பனையாகும் காலியத்தில் இவற்றுக்குப் போவது சிறு பங்கு. பெரும்பங்கு குறைக்கடத்திகளுக்கே போகிறது. அங்கே உருகுநிலைக்குத் துணைப் பாத்திரம்தான். முதன்மைப் பாத்திரம் அலுமினியத்தோடு உள்ள ஒற்றுமைக்கு.

சிலிக்கானிலிருந்து நல்ல விளக்குச் செய்ய முடியாது. மின்னோட்டத்தில் ஓர் எலெக்ட்ரான் மேல்நிலையிலிருந்து கீழே விழும்போது விடுபடும் ஆற்றல், சிலிக்கானில் பெரும்பாலும் படிக அதிர்வாக, அதாவது வெப்பமாக வீணாகிறது. காலியம் ஆர்சனைடில் அது நேராக ஒளியாக வெளிவருகிறது. எலெக்ட்ரான்கள் அதில் சிலிக்கானைவிடப் பலமடங்கு விரைவாக ஓடவும் செய்யும். 1950-களில் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் வெல்கர் இவ்வகைச் சேர்மங்களைக் குறைக்கடத்திகளாக ஆராயத் தொடங்கினார். 1962-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் ஹால் காலியம் ஆர்சனைடிலிருந்து முதல் குறைக்கடத்தி லேசரை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டில் நிக் ஹோலன்யாக், பாஸ்பரஸும் சேர்ந்த காலியம் ஆர்சனைடிலிருந்து சிவப்பு ஒளி உமிழும் டையோடைச் செய்தார். ஆனால் அந்த முதல் லேசர்கள் திரவ நைட்ரஜனின் குளிரில், விட்டுவிட்டுத் துடிப்பாக மட்டுமே இயங்கின. எலெக்ட்ரான்கள் நினைத்த இடத்தில் தங்காமல் பரவிவிட்டதே காரணம். வேறொரு குறைக்கடத்தியை இருபுறமும் சுவராக வைத்து அவற்றை ஒரு மெல்லிய அடுக்குக்குள் அடைக்கலாம் என்று 1963-இல் ஹெர்பர்ட் குரோமர் எழுதினார். சோவியத் நாட்டில் ழோரஸ் அல்பியோரவின் குழுவும் அதே வழியில் சென்றது. சுவருக்கு எந்தப் பொருளைக் கொள்வது? இரண்டு படிகங்களின் அணு இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால், ஒட்டுமிடம் முழுதும் பிளவுகளாகி லேசர் செத்துவிடும். இங்கேதான் பாக்சைட்டில் காலியத்தை ஒளித்துவைத்த அதே பண்பு கைகொடுத்தது. காலியம் ஆர்சனைடின் அணிக்கோவை இடைவெளி 5.653 ஆங்ஸ்ட்ராம், அலுமினியம் ஆர்சனைடின் இடைவெளி 5.661. வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. காலியத்தின் இடத்தில் வேண்டிய அளவு அலுமினியத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம், படிகம் அதை உணராது. மின்பண்பு மட்டும் மாறும். திரவக் காலியத்தில் அலுமினியத்தையும் ஆர்சனிக்கையும் கரைத்து, மெல்லக் குளிர்வித்து, அடுக்கு மேல் அடுக்காகப் படியவைத்தார்கள். 1970-இல் அறை வெப்பத்தில் தொடர்ந்து ஒளிரும் லேசர், லெனின்கிராடிலும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இயங்கியது. கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பும் குறுந்தகடும் அந்த அடுக்குகளின் மேல்தான் எழுந்தன. அல்பியோரவும் குரோமரும் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காலியம் நைட்ரைடின் கதை இதைவிடக் கரடுமுரடானது. அதன் ஆற்றல் இடைவெளி 3.4 எலெக்ட்ரான் வோல்ட். நீல ஒளிக்குத் தகுந்த அடித்தளம். ஆனால் அதை வளர்க்க ஏற்ற படிகத்தளம் கையில் இல்லை. கிடைத்த நீலக்கல் தளத்துக்கும் அதற்கும் அணு இடைவெளியில் சுமார் 16 சதவீத வேறுபாடு. உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் கைவிட்ட நிலையில், 1986-இல் நகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் நீலக்கல்லின் மேல் முதலில் அலுமினியம் நைட்ரைடின் மெல்லிய படலத்தைப் படியவைத்து, அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார்கள். வெடிப்பில்லாத, தெளிந்த படிகம் கிடைத்தது. தொகுஷிமாவில் ஷுஜி நகமுரா அந்த இடைப்படலத்தைக் காலியம் நைட்ரைடாலேயே செய்து காட்டி, 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவர வழிசெய்தார். நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கிறது. நம் வீட்டுக் குண்டு பல்பையும் குழல்விளக்கையும் இடம்பெயர்த்தது இதுதான். மூவரும் 2014-இல் நோபல் பெற்றார்கள். நகமுரா அலுமினியமின்றியே இடைப்படலம் செய்தாரே என்று கேட்டால், அவர் பாதையைத் திறந்தது அகாசாகி அல்ல என்று சொல்ல முடியாது என்பதே என் பதில். தவிரவும், இன்று கைபேசி மின்னேற்றியிலும் ராடாரிலும் தொலைத்தொடர்புக் கோபுரத்திலும் வேலைசெய்யும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர், அலுமினியம் கலந்த அடுக்கு இல்லாமல் இயங்கவே இயங்காது. காலியம் நைட்ரைடின் மேல் அலுமினியம் கலந்த நைட்ரைடை ஏற்றும்போது இரண்டின் அணு இடைவெளியும் மிகச் சிறிதளவு வேறுபடுகிறது. அந்த இழுவையும் இரண்டு அடுக்குகளின் மின்முனைவு வேறுபாடும் சேர்ந்து, எல்லைக்கோட்டில் எலெக்ட்ரான்களை மெல்லிய தாளாகத் திரட்டிவைக்கின்றன. ஒட்டுமளவுக்கு ஒற்றுமை, மின்னூட்டம் திரளும் அளவுக்கு வேற்றுமை: இரண்டும் ஒருசேரக் கிடைத்ததுதான் அந்த டிரான்சிஸ்டரின் அடித்தளம்.

மருத்துவத்தில் காலியம் இன்னொரு உலோகத்தை ஒத்திருப்பதால் பயன்படுகிறது. மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட காலிய அயனியின் அளவு 0.62 ஆங்ஸ்ட்ராம், அதே நிலையில் இரும்பின் அளவு 0.645. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் புரதம் காலியத்தையும் இரும்பென்றே ஏற்றுக்கொள்கிறது. இரும்பு பெருவேட்கையோடு உறிஞ்சப்படும் புற்றுக்கட்டிகளிலும் அழற்சியுள்ள இடங்களிலும் காலியம் சேர்வதால், கதிரியக்கமுள்ள காலியம்-67 பல்லாண்டுகள் காமாக் கதிர்ப் படங்களுக்குப் பயன்பட்டது. உள்ளே போனபின் இரும்பு செய்யும் வேலையைக் காலியத்தால் செய்ய முடியாது. இரும்பைப் போல இரண்டு மின்னூட்ட நிலைக்கு அது எளிதில் மாறுவதில்லை. பாக்டீரியாவின் உயிர்ச்செயலை இந்த வழியில் முடக்கலாமா என்ற ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. 68 நிமிட அரை ஆயுள் கொண்ட காலியம்-68 வேறு முறையில் வேலைசெய்கிறது. கட்டியின் செல்லைத் தேடிப் பற்றும் மூலக்கூறோடு அதைக் கோத்து, நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளையும் புரோஸ்டேட் புற்றுநோய் பரவிய இடங்களையும் பாசிட்ரான் படத்தில் துல்லியமாகக் காட்டுகிறார்கள். 271 நாள் அரை ஆயுளுள்ள ஜெர்மானியம்-68-ஐ ஒரு சிறு கலத்தில் வைத்துக்கொண்டால், அது சிதையச் சிதையக் காலியம்-68-ஐ மருத்துவமனையிலேயே கறந்துகொள்ளலாம். சூரியனின் நியூட்ரினோக்களைப் பிடிக்கக் காக்கசஸ் மலைக்கடியில் சுமார் 50 டன் காலியத்தையும், இத்தாலியின் கிரான் சாசோவில் காலியம் குளோரைடு கரைசலையும் வைத்துச் செய்த சோதனைகளும், அணுகுண்டின் புளுட்டோனியத்தில் சிறிதளவு காலியம் சேர்ப்பதும் என் வாதத்துக்குள் அடங்காதவை. முன்னதில் காலியத்தின் அணுக்கரு வேலைசெய்கிறது. பின்னதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனித் தட்டுப்பாட்டுக்கு வருவோம். பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தில் கரைப்பது பேயர் முறை. அலுமினியம் கரைசலில் இறங்கும், இரும்பு முதலியவை சிவப்புச் சேறாக வெளியே போகும். கரைசலைக் குளிரவைத்து, அலுமினியம் ஹைட்ராக்சைடு துகள்களை விதையாகத் தூவினால் அலுமினியம் படிகமாக வீழும். மீந்த காரக் கரைசல் மறுபடி அடுத்த சுற்றுக்குப் போகும். காலியமும் பெரும்பாலும் அலுமினியத்தோடு சேர்ந்தே கரைகிறது. ஆனால் வீழும்போது பெரும்பங்கு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. அலுமினியத்தைவிடச் சற்றே அமிலத்தன்மை மிகுந்தது என்பது அதற்குக் காரணம். ஆகவே சுற்றுக்குச் சுற்று அதன் அளவு ஏறி, கடைசியில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் வரை சேர்கிறது. அந்தக் கரைசலின் ஒரு பகுதியைச் சிறப்புப் பிசின் நிரப்பிய தூண்களின் வழியே செலுத்தினால், பிசின் காலியத்தைப் பற்றிக்கொள்ளும். பின்பு அதைக் கழுவி எடுத்து மின்பகுத்தால் எதிர்மின்முனையில் காலியம் திரவத்துளிகளாக வடியும். குறைக்கடத்திக்கு 99.9999 சதவீதமும் அதற்கு மேலும் தூய்மை வேண்டும். அறை வெப்பத்தை ஒட்டியே உருகுவதால், மெல்ல உறையவைத்து, அழுக்கு சேர்ந்த கடைசித் திரவத்தை வடித்துவிடும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். தொழில்நுட்பத்தில் மர்மம் ஏதுமில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டன் பாக்சைட் வெட்டப்படுகிறது. டன்னுக்கு 50 கிராம் என்றால் அதனோடு 20,000 டன் காலியம் மேலே வருகிறது. பிரித்தெடுப்பதோ ஆயிரம் டன்னுக்கும் குறைவு. மீதியெல்லாம் சிவப்புச் சேற்றோடும் அலுமினாவோடும் போகிறது.

அப்படியானால் ஏன் எல்லா ஆலைகளும் பிரிப்பதில்லை? கணக்குப் போட்டால் தெரியும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா செய்யும் ஓர் ஆலையின் விற்பனை சில நூறு மில்லியன் டாலர். அங்கே பிரிக்கத்தக்க காலியம் சில பத்து டன். கிலோ 300 டாலர் என்று வைத்தாலும் வரவு பத்துப் பதினைந்து மில்லியன் டாலர்தான். அந்தச் சிறு வரவுக்காக ஆலையின் உயிர்நாடியான காரக் கரைசலில் கைவைக்க நிர்வாகம் தயங்கும். பிசின் துகளோ கழுவும் வேதிப்பொருளோ கலந்து அலுமினாவின் தரம் கெட்டால் இழப்பு வரவைவிடப் பெரிது. காலியத்தின் தேவை எவ்வளவு கூடினாலும் அதற்காக ஒரு டன் பாக்சைட் கூடுதலாக வெட்டப்படப் போவதில்லை. காலியத்தின் அளவை முடிவுசெய்பவர்கள் அலுமினியம் விற்பவர்கள். அவர்களுக்குக் காலியம் ஒரு பொருட்டல்ல. அணுவின் அளவில் தொடங்கிய சார்பு இப்படிக் கணக்குப் புத்தகம் வரை வந்துவிடுகிறது.

சீனா இந்த இடத்தைப் பிடித்தது புவியியல் கொடையால் அல்ல. உலக அலுமினியத்தில் பாதிக்கு மேல் அங்கே உற்பத்தியாகிறது என்பது ஒரு காரணம். எல்.இ.டி. விளக்கின் தேவையை எதிர்பார்த்து 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் அலுமினா ஆலைகளில் பிசின் தூண்களை ஏராளமாக நிறுவியது பெரிய காரணம். தேவைக்கு மேல் காலியம் சந்தைக்கு வந்தது, விலை சரிந்தது. 2013-இல் கஜகஸ்தான், 2015-இல் ஹங்கேரி, 2016-இல் ஜெர்மனி, 2019-இல் உக்ரைன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தின. இன்று முதல்நிலைக் காலியத்தில் 98 சதவீதத்துக்கு மேல் சீனாவினுடையது. மூடியவர்களின் பாக்சைட் தீர்ந்துபோகவில்லை, அவர்களுடைய பொறியாளர்கள் முறையை மறக்கவுமில்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்பது மட்டுமே காரணம்.

இதைக் கேட்கும் பொருளியலாளர், கட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் மற்றவர்கள் தாமாகப் பிரிப்பார்கள், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்பார். 2023-க்குப் பிறகு சீனாவுக்கு வெளியே விலை பலமாக ஏறியது உண்மை. ஆனால் ஒரு பிரிப்பு அலகை நிறுவிச் சீராக இயக்க ஆண்டுகள் ஆகும். அது உற்பத்திக்கு வரும் நாளில் சீனா கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் விலை பழையபடி வீழும், முதலீடு மூழ்கும். கடந்த பத்தாண்டில் இதை நேரில் கண்டவர்கள் மறுபடி துணிவது கடினம். விலை உயர்வு என்பது முதலீட்டாளருக்கு நிலைக்கும் என்று தோன்றினால்தான் செய்தியாகும். காலியத்தின் மொத்தச் சந்தையே சில நூறு மில்லியன் டாலர் என்னும்போது, ஒரே ஓர் ஏற்றுமதி ஆணை அதைத் தலைகீழாக்க முடியும்.

வேறு பொருளுக்கு மாறலாமே என்பது இரண்டாவது மறுப்பு. மின்சாரக் காரின் உயர் மின்னழுத்தப் பகுதியில் சிலிக்கான் கார்பைடு ஏற்கெனவே முன்னணியில் இருக்கிறது. கைபேசியின் சில பகுதிகளில் சிலிக்கானே போதும். ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்கு அதே செலவில், அதே செயல்திறனில் மாற்று இல்லை. பின்வாங்கினால் பாதரசக் குழல்விளக்குதான். உயர் அலைவெண்ணில் அதிக ஆற்றலைத் தர வேண்டிய ராடாரிலும் காலியம் நைட்ரைடுக்கு ஈடு இன்னும் வரவில்லை. மறுசுழற்சி என்பது மூன்றாவது மறுப்பு. குறைக்கடத்தி வில்லை செய்யும் ஆலைக்குள் அது நன்றாகவே நடக்கிறது. படிகத்தை அறுத்து, தேய்த்து, மெருகேற்றும்போது உதிரும் துகளிலிருந்து ஜப்பானும் பிறரும் காலியத்தை மீட்கிறார்கள். விற்றுப்போன பொருளிலிருந்து மீட்பது வேறு வேலை. ஓர் எல்.இ.டி.யில் மில்லிகிராமில் சிறு பகுதியே இருக்கிறது. அதை நாடு முழுவதும் வீசப்பட்ட பல்புகளிலிருந்து திரட்டுவது, பாக்சைட்டில் ஏற்கெனவே இருந்த சிதறலைவிட மோசமான சிதறலோடு மல்லுக்கட்டுவதாகும்.

காலியத்துக்கென்றே தனிச் சுரங்கம் தோண்டலாம் என்போருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநில அபெக்ஸ் சுரங்கமே பதில். 1980-களில் காலியத்தையும் ஜெர்மானியத்தையும் முதன்மைப் பொருளாகக் கொண்டு அங்கே தொழில் தொடங்கினார்கள். விரைவிலேயே நின்றுபோயிற்று. இப்போது நடக்கும் முயற்சிகளில் நம்பிக்கை தருபவை அலுமினா ஆலைகளை ஒட்டியவை. கிரேக்கத்தில் மெட்லன் நிறுவனம் தன் அலுமினா ஆலையில் ஆண்டுக்கு 50 டன் என்ற இலக்கோடு திட்டமிட்டிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வேஜரப்பில் அல்கோவா ஆலையோடு இணைந்த 100 டன் திட்டத்தில் அமெரிக்க, ஆஸ்திரேலிய, ஜப்பானிய அரசுகள் பங்கெடுக்கின்றன. அரசுகள் தாமே வாங்குவோராக முன்வருவது இதன் சிறப்பு. வேறெந்த ஏற்பாட்டிலும் முதலீட்டாளரின் அச்சம் தீராது.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் காலியம் இருக்கிறது. ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த காலியம் ஆர்சனைடு நுட்ப மையம் சில்லுகளைச் செய்கிறது. பேயர் கரைசலிலிருந்து மின்வேதியியல் முறையில் காலியத்தைப் பிரிக்கும் ஆய்வு காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் 1980-களிலேயே நடந்திருக்கிறது. சேர்வராயன், கொல்லிமலை பாக்சைட்டை நம்பி இயங்கிய மேட்டூர் அலுமினிய ஆலை இன்று இல்லாவிட்டாலும், ஒடிசாவின் தமன்ஜோடியிலும் லாஞ்சிகட்டிலும் உத்தரப் பிரதேசத்தின் ரேணுகூட்டிலும் பெரிய அலுமினா ஆலைகள் ஓடுகின்றன. நாட்டில் ஆண்டுக்கு வெட்டப்படும் பாக்சைட் 2 கோடி டன்னுக்கு மேல். அதில் உலகச் சராசரி அளவு இருக்குமானால் ஆயிரம் டன் காலியம். அதில் இருபதில் ஒரு பங்கை மீட்டாலும் 50 டன். புதிய கனிம வட்டாரங்களைத் தேடிச் செல்வதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இந்த ஆலைகளின் கரைசல் தொட்டிகளை நோக்கித் திருப்புவது அதைவிட விரைவில் பலன் தரும். ஆலைகளைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவதைவிட, பத்தாண்டுகளுக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை அறிவித்து, அந்த விலையில் அரசே வாங்கிக்கொள்ளும் என்று ஒப்பந்தம் செய்வது நல்லது. கட்டாயம் விதித்தால் ஆலை பெயருக்கு ஒரு தூணை நிறுத்திவைக்கும். விலைக்கு உத்தரவாதம் கிடைத்தால், பிசின் கெடாமல் பார்த்துக்கொள்வதும் மீட்பு விகிதத்தைக் கூட்டுவதும் ஆலையின் சொந்த அக்கறையாகிவிடும். 50 டன்னுக்குக் கிலோ 300 டாலர் என்று கொண்டால் ஆண்டுச் செலவு 15 மில்லியன் டாலர். வாங்கிய உலோகமும் கெட்டுப்போவதில்லை; நெகிழிப் புட்டியில், மேலே சிறிது இடம்விட்டு அடைத்தால் எத்தனை ஆண்டுகளும் இருக்கும்.